இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்

நான் வேலை பார்க்கும் விருந்தினர் இல்லத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது, "வுட் யூ லைக் சம் காபி?" என்று கேட்கிறேன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்து போகும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் இடம் அது. சாப்பாட்டுக் கூடம் என் பொறுப்பு. ஒருவர் "யெஸ், ப்ளீஸ்" என்பார், இன்னொருவர் "நோ, தேங்க் யூ" என்பார். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு மேல் யாரும் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. அந்த "யெஸ், ப்ளீஸ்" என் வாயில் வருவதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால் இவர்களுக்குப் புரியாது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு நூல் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. கீழே டீக்கடை, பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம். பட்டுக்கடைகளில் சேலை விரித்துக் காட்டுகிறவர்கள் நாலு பேர், காலேஜ் முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாத நாங்கள் ஏழெட்டுப் பேர். சொல்லிக்கொடுத்த சார் இங்கிலீஷ் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. சரக்குக் கப்பலில் பல வருஷம் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அதனால் மற்ற இடங்களில் நிகழ்காலம், இறந்தகாலம் என்று ஆரம்பிப்பார்கள். இவர் எடுத்த எடுப்பில் சாப்பாட்டில் ஆரம்பித்தார். "மனுஷன் எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல வாயத் தொறக்கறது பேசறதுக்கு இல்லமா, சாப்புடறதுக்கு" என்பார்.

முதல் நாளே ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். தலைப்பு, ஈட்டிங் அண்ட் டிரிங்கிங். கடிப்பதற்கு ஒரு சொல், மெல்வதற்கு ஒன்று, விழுங்க ஒன்று, மடக் மடக்கென்று குடிக்க ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச ஒன்று. பசிக்கு ஹங்கிரி, கொலைப் பசிக்கு ஸ்டார்விங், வயிறு நிறைந்துவிட்டால் ஃபுல். சார் ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டுவார். வெறும் காற்றைக் கடித்து, மென்று, விழுங்கி, கடைசியில் ஏப்பமும் விடுவார். பட்டுக்கடை அண்ணன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வகுப்பில் எல்லாரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். எனக்கு ஜோடியாக வந்தவள் சின்ன காஞ்சிபுரத்துக்காரி. பெருமாள் கோயிலை ஒட்டிய தெரு, அப்பா பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுப்பவர். நான் செவிலிமேட்டுக் காலனி. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார், அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சுக்குப் போவோம், வந்து கறிக்குழம்பு சாப்பிடுவோம். அவள் வீட்டில் வெங்காயம் நறுக்குவதற்கே நாள் பார்ப்பார்களாம். சார் இதையெல்லாம் யோசித்துப் பிரிக்கவில்லை, நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

இங்கிலீஷைவிட அவளுடைய தமிழ்தான் எனக்குப் புதுசாக இருந்தது. அவள் வீட்டில் சமையல் கிடையாது, தளிகை. ரசம் கிடையாது, சாத்தமுது. பாயசம் என்றால் திருக்கண்ணமுது. "இவ்ளோ பெரிய பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆறிப் போயிடாதா?" என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்காத்துல ரசத்துக்கு என்ன சொல்லுவா?" என்றாள். எங்கள் வீட்டில் அது மொளவுத்தண்ணி. அதைக் கேட்டு அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் நோட்டில் இங்கிலீஷ் சொல்லுக்குப் பக்கத்தில் அவள் வீட்டுச் சொல் ஒரு வரிசை, என் வீட்டுச் சொல் ஒரு வரிசை. கருவாடு என்று அவள் கையெழுத்தில் பார்த்தபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் சார் காலி டம்ளர்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒருத்தர் வீட்டுக்காரர், ஒருத்தர் விருந்தாளி. வீட்டுக்காரர் காபி வேண்டுமா என்று கேட்க வேண்டும், விருந்தாளி "யெஸ், ப்ளீஸ்" என்று சொல்லி டம்ளரை வாங்க வேண்டும். இதில் என்ன கஷ்டம்? பட்டுக்கடை அண்ணன்கள் வெளுத்துக் கட்டினார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு நாள் முழுக்கக் காபியும் கலரும் நீட்டிப் பழகியவர்கள். எங்கள் முறை வந்தது. அவள் கேட்டாள். நான், "நோ, தேங்க் யூ. ஐ ஹேவ் ஈட்டன்" என்றேன்.

"யெஸ் சொல்லணும்மா" என்றார் சார். மறுபடியும் அவள் கேட்டாள். மறுபடியும் நோ. மூன்றாம் தடவையும் நோ. வேண்டுமென்றே செய்யவில்லை. சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று. சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, டம்ளர்ல ஒண்ணுமே இல்ல. வெறும் டம்ளருக்கே சாப்டு வந்தேன்னு பொய் சொல்றியே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்தது. அது பொய் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பொய்யை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அம்மா. தைத்த ரவிக்கைகளைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கப் போவாள். சின்ன வயதில் என்னையும் கூட்டிப் போவாள். உள்ளே இருந்து யாராவது, "ஏதாச்சும் சாப்பிடறியா?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள், "இப்பதாம்மா சாப்டு வந்தோம்" என்று சொல்லிவிடுவாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். ஒருமுறை நான் ஒரு வீட்டில் முறுக்கைப் பார்த்துவிட்டு, "நான் சாப்டல" என்று சொல்லிவிட்டேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அந்த வீட்டம்மாள் முறுக்கை எதில் வைத்துக் கொடுப்பது என்று தெரியாமல் உள்ளே போனவர், கொஞ்ச நேரம் கழித்து ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடிக்கவில்லை. "கேக்கறவங்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். சாப்டாச்சுன்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றாள். அவ்வளவுதான் பாடம். நான் நன்றாகப் படித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம், காலேஜ், தோழிகளின் கல்யாணம் என்று எங்கே போனாலும் நான் சாப்பிட்டுவிட்டு வந்தவள்தான்.

இது சாருக்குத் தெரியாது. அவர் தன் கதையைச் சொன்னார். கப்பலில் சேர்ந்த முதல் நாள், சமையற்காரர் கரண்டியோடு வந்து வேண்டுமா என்று கேட்டாராம். நம் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை கேட்கட்டும் என்று காத்திருந்தாராம். கரண்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. திரும்பி வரவேயில்லை. ராத்திரி வரைக்கும் பட்டினி. "அவங்ககிட்ட நோன்னா நோதான்மா. யாரும் உன்ன கெஞ்ச மாட்டாங்க. கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போகணும்னு சொல்ற. இன்டர்வியூவே சாப்பாட்டு மேஜையிலதான் வைப்பாங்க. இப்பிடி நீயே பட்டினி கெடந்தா, அடுத்தவங்களுக்கு எப்பிடி சோறு போடுவ?" என்றார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். அதைவிட, அந்த ஒரு வாக்கியம் என்னால் ஏன் முடியவில்லை என்கிற ரோஷம் பெரிதாக இருந்தது. வெறும் டம்ளரில் வராது, நிஜ வீட்டில் பழகினால் வரும் என்று என் ஜோடிக்காரிதான் யோசனை சொன்னாள். "எங்காத்துக்கு வா. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாம பேசிண்டிருக்கலாம்" என்றாள். போனேன்.

மத்தியான வேளை. வாசலில் கோலம், உள்ளே மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த வாசனை. அதுதான் சாத்தமுது என்று தெரிந்துவிட்டது. அவள் அம்மா வெளியே வந்து, "வாம்மா. சாப்ட்டியா?" என்றார். "சாப்டு வந்தேம்மா." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அது பழகிய நிம்மதி. அவர் கெட்டவர் இல்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். என்ன படித்தேன் என்று கேட்டார், என் தலைமுடியைப் பாராட்டினார். பிறகு உள்ளே போய்விட்டார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்தோம். அவள் அழகாகக் கேட்டாள், "வுட் யூ லைக் சம் காபி?" பசி வயிற்றைக் கிள்ளியது. வாயைத் திறந்தேன். "நோ, தேங்க் யூ" என்றது வாய்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். சார் சொன்னபடி, நோ என்றால் நோ. செவிலிமேடு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை கேட்காத அவள் மேல் பாதி, என் மேல் மீதி. வீட்டுக்கு வந்து பழைய சோற்றை வாரி வாரிப் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த முறை என் வீடு என்று நான்தான் சொன்னேன். ஏதோ ஒரு வீம்பு. அவள் முகம் ஒரு கணம் மாறியதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் வருகிறேன் என்றாள். வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அவங்க நம்ம வூட்ல இன்னாடி துண்ணுவாங்க?" என்று மூன்று நாளாக அதே கேள்வி. எங்கள் காலனியில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. அந்த மாதிரி வீடுகளிலிருந்து யாராவது வந்தால், எங்கள் கை படாத பொருளைத்தான் கொடுப்போம். மூடி திறக்காத கலர் பாட்டில், உரிக்காத வாழைப்பழம், அப்போது சீவிய இளநீர். எவ்வளவு பிரியம் இருந்தாலும் பாட்டிலைத் திறந்து கொடுக்கிறதோடு சரி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. முடிந்து ஒன்றரை மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் அவள் அதிகம் பேசவில்லை. வீட்டில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தாள். டீப்பாயில் ஒரு ஆரஞ்சு கலர், ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா, "வாம்மா, உக்காரும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டாள், தன் வீட்டிலேயே அவள்தான் விருந்தாளி மாதிரி.

நான் ஆரம்பித்தேன். "வுட் யூ லைக் சம்திங் டு ஈட்?"

"நோ, தேங்க் யூ. ஐ ஹேவ் ஈட்டன்" என்றாள் அவள்.

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது பதில். கண் தரையைப் பார்த்தது. அதே வேகம், அதே குனிவு. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த அந்தப் பொய் எங்களுக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவள் வாயிலிருந்து வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இங்கிலீஷெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பொய் சொல்லாத. காலைலருந்து எங்கூடதான் இருக்குற. எப்ப சாப்ட்ட?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா சொல்லி அனுப்பினா" என்றாள் மெதுவாக. "யார் கேட்டாலும் சாப்ட்டாச்சுன்னு சொல்லிடுன்னு."

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லி அனுப்புச்சு."

"அன்னிக்கு எங்காத்துலேர்ந்து நீ பசியோடயா போனே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றாள். விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் நீளம். "கேட்டிருந்தா, எதுல ஊத்திக் குடுத்திருப்ப?" என்றேன்.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அவள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு டம்ளரும் அவள் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். "தெரியலை" என்றாள். சமாதானமாக எதையாவது சொல்லியிருந்தால் அன்றோடு அவளை விட்டிருப்பேன். அவள் தெரியலை என்றதால்தான் இன்றைக்கும் எனக்கு அவளைப் பிடிக்கிறது.

பிறகு அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆஸ்க் மீ அகெய்ன்" என்றாள்.

கேட்டேன்.

"யெஸ், ப்ளீஸ்" என்றாள் அவள். "ஐ ஆம் வெரி ஹங்கிரி."

கதவோரம் நின்றிருந்த அம்மாவுக்கு எங்கள் குரல் ஏறி இறங்கியது மட்டும்தான் புரிந்தது. கையில் பாட்டில் திறக்கிற சாவியை வைத்துக்கொண்டு, "இன்னாடி சொல்லுது அந்தப் பொண்ணு? இன்னா கோவம்?" என்றாள்.

"கோவம் இல்லமா. பசிக்குதாம். சோறு கேக்குது."

"நம்ம வூட்லயா?" என்றாள் அம்மா. அதை என்னிடம் கேட்டாளா தன்னிடமே கேட்டாளா தெரியாது. சாவியை டீப்பாயில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் கறி வெந்த பாத்திரங்கள், இவளுக்கு எதில் என்ன செய்து கொடுப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்தாள். அதை நான் பார்த்ததே இல்லை. கடைக்காரர் ஒட்டிய சீட்டுகூட இன்னும் கிழிக்காமல் இருந்தது. திறந்தாள். எலுமிச்சம் சாதம். பக்கத்துக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு வறுவல், அதுவும் புதுக் கிண்ணம்.

"எப்பமா செஞ்ச?"

"காலைல. புதுப் பாத்திரம் வாங்கி அதுலதான் செஞ்சன். கறி கிறி எதுவும் படல" என்றாள். "குடுக்கலாம்னு இல்லடி. நம்ம எப்பிடிக் கேக்கறது. ஒருவேள அதுவா கேட்டுதுன்னா இல்லன்னு சொல்லக் கூடாதில்ல."

மூன்று நாளாக, அவர்கள் நம் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று புலம்பிக்கொண்டே, கேட்கமாட்டாள் என்று தெரிந்தே சமைத்து, ஒளித்தும் வைத்திருக்கிறாள். அடுப்பங்கரையிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "நவுருடி, அந்தப் பொண்ணு பசியோட குந்திக்கினு இருக்குது" என்று தள்ளிவிட்டாள்.

பாய் போட்டு உட்கார்ந்தோம். அம்மா வாழை இலையும் வாங்கி வைத்திருந்தாள். என் தோழி முதல் கவளத்தை எடுக்கும்போது கை சற்றுத் தயங்கியது. அதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். பசியில் இருக்கிறவள் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டாள். வறுவலை மறுபடி கேட்டு வாங்கினாள். அம்மா எட்டியே நின்று பரிமாறினாள், இலையில் கை படாமல், மேலே இருந்து போட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க சாப்ட்டேளா?"

"நா அப்பவே சாப்டேன்மா" என்றாள் அம்மா. யோசிக்கவே இல்லை. சொந்த வீட்டில், தான் சமைத்த சோற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு.

அவள் என்னைப் பார்த்தாள். அது பொய் என்று சொல்ல வேண்டியது நான் இல்லை என்று தோன்றியது. அவள் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நிஜமா சாப்ட்டேளா, ஆன்ட்டி?"

எத்தனை வீட்டு வாசலில் அம்மா அந்தப் பதிலைச் சொல்லியிருப்பாள். ஒரு வீட்டிலும் யாரும் அவளை இரண்டாம் தடவை கேட்டதில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கைதான். என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"இல்லமா" என்றாள். "காலைலருந்து ஒண்ணும் சாப்புடல."

என் தோழி பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.